ரிசல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில்: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள்?

மும்பையில் கல்லூரி வாழ்க்கை பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் பத்தாவது தேறிய பிள்ளை பெரும்பாலும் அதே பள்ளியில், அதே வாத்தியார்களிடம் ப்ளஸ் ஒன் சேர்ந்துவிடும். இங்கே பெரும்பாலான பள்ளிகள் பத்தோடு எல்.சி. என்கிற பள்ளி விடுப்புச் சான்றைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுகின்றன. அதற்கப்புறம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் ஜூனியர் காலேஜ். பிள்ளைக்கு வயது பதினைந்தோ பதினாறோதான். பெயர் சொல்லிக் கூப்பிடும் டீச்சர் கிடையாது, வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பாரும் கிடையாது. பதினொன்றில் எந்தக் கல்லூரியில் கால் வைக்கிறோமோ, அங்கேயே டிகிரிக்கும் முன்னுரிமை கிடைப்பது வழக்கம் என்பதால், அந்த வயதில் எடுக்கும் முடிவு அடுத்த ஐந்தாறு வருடத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

தாராவி, ஆன்டாப் ஹில், சயன் கோலிவாடா, சீத்தா கேம்ப் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் பிள்ளைகளுக்கு ஃபார்ம் நிரப்ப உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். படிப்பு ஏறாமல் நின்றவர்களைவிட, பாஸ் ஆகிவிட்டு ரிசல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள்தான் மனதை அரிக்கிறார்கள். நம் ஆட்கள் கொடுக்கும் உதவியெல்லாம் பரீட்சைக்கு முன்பு டியூஷனாகவும், பரீட்சைக்குப் பின்பு பாராட்டு விழாவாகவும் இருக்கிறது. நடுவில் இருக்கும் காலத்துக்கு ஆளில்லை.

அந்தக் காலம் எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். 2025-இல் மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 17-இல் முடிந்தது. ரிசல்ட் மே 13-இல் வந்தது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையை அந்த வருடம்தான் முதன்முறையாக மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆன்லைன் முறையாக்கினார்கள். சீட் ஒதுக்குவது சுற்று சுற்றாக நீண்டு, வகுப்பு தொடங்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. பரீட்சை முடிந்ததிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஐந்து மாதம். இந்த ஐந்து மாதமும் ஒரு பையன் சும்மா இருப்பானா? இட்லி வியாபாரத்துக்கு மாவு அரைக்கப் போவான், தோல் பட்டறையில் உதவிக்கு நிற்பான், பார்சல் கடையில் சேருவான். "லீவுலதானே" என்றுதான் வீட்டில் அனுப்புவார்கள். இரண்டு மாதச் சம்பளம் கைக்கு வந்தபின் அதை நிறுத்துவது வீட்டுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம். பெண் பிள்ளையானால் ஊரில் கோயில் கொடை, கல்யாணம் என்று திருநெல்வேலிப் பக்கம் போய் வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்திருக்கும்.

இது இந்த ஊருக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைத்து, சேரப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கோடை விடுமுறை முடியும்போது சேராமல் போகிறவர்கள் 10 முதல் 20 சதவீதம் வரை இருப்பதாக அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். படிவம், கட்டணத் தேதி, விடுதிக்கு முன்பணம் போன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் அவர்களும் இடறியிருந்தார்கள். கடைசித் தேதியை நினைவூட்டி, சந்தேகம் கேட்டால் ஒரு ஆலோசகரே பதில் போடும்படி கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். சில ஊர்களில் நல்ல பலன் கிடைத்தது. பிறகு கல்வி நிதியுதவிப் படிவத்தை நிரப்பச் சொல்லி, இதே மாதிரி நினைவூட்டல்களை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார்கள். பலன் ஒன்றுமே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தெரிந்த அக்கா ஒருத்தி "ஏ, பணம் கட்டினியா?" என்று கேட்பதும், முகம் தெரியாத ஒரு எண்ணிலிருந்து மெசேஜ் வருவதும் ஒன்றாகிவிடுமா?

ஃபார்ம் என்கிற கண்டம்

ஜூனியர் காலேஜ் படிவத்துக்கு இரண்டு பாகம் உண்டு. முதல் பாகத்தில் விவரங்கள், இரண்டாம் பாகத்தில் கல்லூரிகளின் பெயர்கள். அதிகபட்சம் பத்துக் கல்லூரி, நமக்கு வேண்டிய வரிசையில். பதிவுக்கு ஒரு கைப்பேசி எண் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார், அல்லது சிம்மை மாற்றியிருப்பார். அப்போதே பாதிக் கதை முடிந்தது.

பலருக்கும் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. முதல் விருப்பமாகப் போட்ட கல்லூரியே ஒதுக்கப்பட்டுவிட்டால், அதில் சேர்ந்தே ஆகவேண்டும். சேராவிட்டால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் இடமில்லை. கடைசியில் வரும் சிறப்புச் சுற்றுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

58 சதவீதம் வாங்கிய ஒரு பெண். தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு சைபர் கடையில் படிவம் போட்டாள். கடைக்காரருக்குக் கூட்டம். முந்தைய ஆளுக்குப் போட்ட பட்டியலையே கொஞ்சம் மாற்றி இவளுக்கும் போட்டுவிட்டார். முதல் பெயராக நின்றது அம்பர்நாத் பக்கம் ஒரு கல்லூரி. முதல் சுற்றிலேயே அது கிடைத்தும்விட்டது. வாழ்த்துச் செய்தி வந்ததும் வீட்டில் லட்டு வாங்கினார்கள். அப்புறம்தான் அம்மா கேட்டார்: "அம்பர்நாத்துன்னா கல்யாணுக்கும் அந்தாண்டையா? பொம்பளப் பிள்ளைய தினம் அவ்வளவு தூரம் ரயில்ல எப்படிக்கா அனுப்ப?" போகவில்லை. அதனால் வழக்கமான சுற்றுகளும் போயின. சிறப்புச் சுற்று வருவதற்குள் அவள் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். நடந்து போகிற தூரத்தில், அவள் மதிப்பெண்ணுக்கு எட்டக்கூடிய கல்லூரிகள் இருந்தன. பட்டியலில் அவை கீழே கிடந்தன.

இந்த வேலைக்கு மேதாவி யாரும் வேண்டாம். போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து, எட்டாத மூன்று, எட்டக்கூடிய நான்கு, நிச்சயம் கிடைக்கும் இரண்டு என்று அடுக்கத் தெரிந்த காலேஜ் பிள்ளை ஒருவர் போதும். மேலே போடும் பெயர் எதுவானாலும், கிடைத்தால் மறுநாளே போய்ச் சேரத் தயாரான இடமாக இருக்க வேண்டும்.

ஏ.டி.கே.டி.யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றோ இரண்டோ பாடத்தில் தவறிய பிள்ளைக்கும் மகாராஷ்டிரத்தில் பதினொன்றில் சேர வழி உண்டு. விட்ட பாடத்தை அப்புறம் எழுதித் தேறிக்கொள்ளலாம். இதைத்தான் ஏ.டி.கே.டி. என்கிறார்கள். துணைத்தேர்வும் ஜூன், ஜூலை வாக்கில் வந்துவிடும். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேரும் செய்தி "பெயில்" என்பது மட்டும்தான். மறுநாளே மாமா கடையில் வேலை பேசி முடித்துவிடுவார்கள்.

காகிதம்

மதிப்பெண்ணைவிடப் பெரிய தடை இதுதான் என்பது என் எண்ணம்.

பெயரிலிருந்தே தொடங்குகிறது. நமக்கு இனிஷியல் வழக்கம். மகாராஷ்டிரப் படிவம் குடும்பப் பெயர், தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று தனித்தனிக் கட்டமாகக் கேட்கும். மு. செல்வி என்று ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் சேர்த்த அன்று குடும்பப் பெயர் கட்டத்தில் தாத்தா பெயரை எழுதியிருப்பார்கள். அண்ணனைச் சேர்க்கும்போது வேறு கிளார்க், அவர் சாதிப் பெயரை எழுதியிருப்பார். ஆதாரில் அப்பா பெயர் மட்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தங்கைக்கு இன்னொன்று. பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம். எல்.சி. கையில் வாங்கியபின் கல்வி அலுவலகம், கெஜட் என்று அலைய வேண்டும், அதற்குள் சேர்க்கைத் தேதி போய்விடும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் பாதித் தலைவலி தீரும்.

அடுத்தது சாதிச் சான்று. ஊரில் எங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு, இங்கே ஏன் இல்லை என்று கேட்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் குறைவு. மாநில அரசின் இடஒதுக்கீடு கிடைக்க, சாதி மகாராஷ்டிரத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதோடு பட்டியல் சாதிக் குடும்பமானால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தும், ஓ.பி.சி. ஆனால் 1967 அக்டோபர் 13-க்கு முன்பிருந்தும் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாராவித் தமிழர்களில் சிலர் தோல் தொழிலுக்காக நூறு வருடத்துக்கு முன்பே வந்தவர்கள்தான். ஆனால் குடிசைக்கும் கூலிக்கும் ரசீது யார் வைத்திருந்தார்கள்? தாத்தாவின் பள்ளிச் சான்றோ, பழைய ஆலை வேலைச் சீட்டோ தகரப் பெட்டியில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். தொழிற்படிப்பு என்றால் சான்றிதழோடு, அதைச் சரிபார்த்ததற்கான வேலிடிட்டி சான்றும் கேட்பார்கள்.

ஊரில் வாங்கிய சான்று இங்குள்ள மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி டீனை எதிர்த்து ஒரு மாணவர் தொடுத்த வழக்கு அது. ஆந்திரத்தில் பிறந்து ஒன்பது வயதில் பம்பாய் வந்தவர். அப்பாவுக்கு ஆந்திரத்தில் பெற்ற பழங்குடிச் சான்றின் பேரில் இங்குள்ள பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை. மகனுக்கு மருத்துவ இடம் கேட்டபோது, அந்தச் சமூகம் மகாராஷ்டிரத்தில் பழங்குடி இல்லை என்று மறுத்தார்கள். ஒரு மாநிலத்தில் பெற்ற அந்தஸ்து இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்புச் சொன்னது. சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். பிள்ளையின் கையில் படிவம் இருக்கும் நேரத்தில் தெரிந்திருக்க வேண்டியது, ஊர்ச் சான்றை நம்பி இங்கே ரிசர்வேஷன் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், சரிபார்க்கும்போது இடம் ரத்தாகலாம் என்பதுதான்.

ஆனால் ஊர்ச் சான்று குப்பைக் காகிதமும் இல்லை. ஐ.ஐ.டி. பம்பாய், தேவநாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற மத்திய இடஒதுக்கீட்டைப் பின்பற்றும் இடங்களில், தமிழ்நாட்டில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்று செல்லும்.

பலர் தவறவிடும் கதவு இன்னொன்று உண்டு. மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதி இடங்கள் அந்தச் சிறுபான்மையினருக்கு. அப்படி ஒன்றான, 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் (எஸ்.ஐ.இ.எஸ்.) கல்லூரி சயனில், தாராவியிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள எல்.சி.யில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தமிழ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் கிளார்க் ஹிந்தி என்று எழுதிவிட்ட எல்.சி.களும் நடமாடுகின்றன. சிறுபான்மை ஒதுக்கீட்டுக்கும் மதிப்பெண் வரிசை உண்டு, தனித் தேதி உண்டு, கல்லூரிக்கே போய்க் கேட்க வேண்டும். பொதுச் சுற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது.

இந்த மாநிலத்தவர் என்று காட்டும் டொமிசைல் சான்றுக்குப் பதினைந்து வருடக் குடியிருப்பைக் காட்ட வேண்டும், வருமானச் சான்றைத் தாசில்தார் தர வேண்டும். இரண்டும் ரிசல்ட் வந்த வாரத்தில் வரிசையில் நின்று வாங்கக்கூடியவை அல்ல. கட்டணச் சலுகைத் திட்டங்கள் பலவும் இவற்றைக் கேட்கும். பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள், ஓ.பி.சி. போன்ற பிரிவுகளில் 8 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பப் பெண் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பில் முழுக் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று மாநில அரசு 2024-இல் அறிவித்ததற்கும் கையில் காகிதம் வேண்டும்.

சேர்ந்த பிறகு

கட்டணம் பற்றி ஒரு விஷயம். மும்பையில் ஒரே கட்டடத்துக்குள் எய்டட், அன்எய்டட் என்று இரண்டு உலகம் உண்டு. அரசு உதவி பெறும் பிரிவில் சாதாரண பி.காம்., பி.ஏ. படிக்க வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும். அதே கல்லூரியில் பி.எம்.எஸ். (மேலாண்மை), ஐ.டி. போன்ற சுயநிதிப் படிப்புக்குப் பல மடங்கு. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று கடன் வாங்கிச் சேர்த்து, இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிறுத்துவதைவிட, எய்டட் பி.காம். எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு என்மேல் கோபம் வரும். பரவாயில்லை.

மொழி இன்னொரு சுவர். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனால் தமிழ்வழிப் பள்ளிகளில் பெரும்பாலானவை நடுநிலைவரைதான். நடுவில் ஆங்கிலத்துக்கோ ஹிந்திக்கோ மாறிய பிள்ளை, பதினொன்றில் அறிவியல் எடுத்தால் முழுக்க ஆங்கிலம். முதல் இரண்டு மாதம் லெக்சர் ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று கேட்கவும் கூச்சம். வராண்டாவில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். செப்டம்பர் வரை அவனைப் பிடித்து வைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வான் என்பது இந்த வேலையில் இருக்கும் பலரும் சொல்வது, நானும் கண்டதுதான்.

எப்படிப் பிடித்து வைப்பது என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பார்க்கலாம். ஏழை மாணவர்களுக்குக் கட்டணக் குறையை ஈடுகட்டினார்கள், புத்தகம் கொடுத்தார்கள், ரயில்-பஸ் பாஸ் கொடுத்தார்கள், அடிக்கடி கட்டாயமாகச் சந்திக்க ஒரு ஆலோசகரை வைத்தார்கள். மூன்று வருடத்துக்குள் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். அந்த பாஸ் விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலோசகரைப் பார்த்தால்தான் அந்த மாதத்துப் பாஸ் என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் மாணவர்களுக்குச் சலுகை ரயில் பாஸ் இருக்கிறது, அதற்கான கன்செஷன் சீட்டைக் கல்லூரி ஆபீஸில் வாங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போகிற பிள்ளைகள் உண்டு. தமிழ்ச் சங்கம் எதாவது ஒன்று இருபது பிள்ளைகளுக்கு ஒரு பருவத்துப் பாஸ் செலவை ஏற்று, மாதம் ஒருமுறை வந்து முகம் காட்டினால்தான் பாஸ் என்று சொல்லிப் பார்க்கலாம். பாராட்டு விழாவின் பொன்னாடைச் செலவைவிட அது பெரிதாகாது. 92 எடுத்த பிள்ளைக்குக் கேடயம் கொடுக்க ஊரே வருகிறது. 47 எடுத்தவனுக்குத்தான் ஆள் தேவை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பன்னிரண்டு முடித்தும் எங்கும் சேராதவர்களைப் பட்டியல் வைத்துத் தேடிக் கூப்பிட 'உயர்வுக்குப் படி' என்றொரு திட்டம். மும்பையில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்த உதவித்தொகைகள் கிடையாது, இங்கே சான்று இல்லாததால் இந்த மாநிலத்து ஒதுக்கீடும் பலருக்குக் கிடையாது. பணத்தைவிட அந்தப் பட்டியல் வைத்துத் தேடும் வேலையைத்தான் நாம் காப்பியடிக்க வேண்டும். எல்.சி. கொடுத்தபின் பள்ளிக்குப் பொறுப்பில்லை, சேரும்வரை கல்லூரிக்குப் பொறுப்பில்லை. ஒரு தெருவில் பத்தாவது எழுதியவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது யாராலும் முடிகிற காரியம்.

ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், பூர்வீகம் தமிழ்நாடு என்று நேட்டிவிட்டி சான்று காட்டினால் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று அங்கே செல்லுபடியாகும். ஊரில் பாட்டி, சித்தி என்று தங்க இடமும் ரேஷன் கார்டில் பெயரும் இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி.

ஜூனியர் காலேஜ்தான் ஒரே வழி என்றும் இல்லை. பத்துக்குப் பின் மூன்று வருட டிப்ளமா முடித்தால் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி, பாந்திராவில் அரசு பாலிடெக்னிக் இரண்டும் தாராவிக்குப் பக்கம். வேலைக்குப் போயே தீரவேண்டிய பையனுக்கு நைட் காலேஜ் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. பாலிடெக்னிக்குக்குத் தனிப் படிவம், தனித் தேதிகள், இரண்டையும் போட்டு வைக்கலாம். ஆனால் ஒரிஜினல் எல்.சி. ஒன்றுதான். முதலில் சேரும் இடத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்க்கையை ரத்து செய்யக் கடைசித் தேதி எது, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேட்டு, கட்டண ரசீதின் பின்பக்கமே எழுதி வையுங்கள்.